இரண்டு விரல் இடைவெளி

என் செல்ல மகனுக்கு அம்மா எழுதுவது.

நானும் உன் அத்தையும் நன்றாக இருக்கிறோம். எனக்குக் கண் கொஞ்சம் மங்கல், அவளுக்கு முழங்கால், மற்றபடி இரண்டு பேருக்கும் வாயில் ஒரு குறையும் இல்லை. நீ சுகமா என்று ஒரு வரி கேட்டுவிட்டு ஊர்க்கதைக்குத் தாவுவதுதான் என் வழக்கம், இந்த முறை அப்படித் தாவ மனம் வரவில்லை, இந்தக் கடிதம் முழுவதும் அந்த ஒரு கேள்விதான் என்று வைத்துக்கொள். போனில் கேட்டால் 'நல்லா இருக்கேம்மா, அப்புறம் கூப்பிடறேன்' என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது பார், அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். இதோடு ஒரு பார்சலும் வரும். அதை முதலில் பிரிக்காதே. சின்ன வயதிலிருந்தே உனக்குப் பொட்டலத்தைக் கிழித்துவிட்டு அப்புறம்தான் என்ன ஏது என்று கேட்கிற புத்தி, வருகிற மாதம் நாற்பத்து நான்கு வயதாகிறது, இந்த ஒரு தடவையாவது அம்மா சொல்வதைக் கேட்டுக் கடைசி வரி வரை படித்துவிட்டுப் பிரி. நீ அனுப்பிய ஆபீஸ் விருந்துப் படத்தை அத்தை பெரிதாக்கி எடுத்து வந்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறாள். 'பையன் இளைச்சு எவ்ளோ அழகா ஆயிட்டான் பாருங்க அண்ணி' என்று தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் சொல்கிறாள். நான் பார்த்தது உன் சட்டையைத்தான். காலர் கழுத்தோடு சேராமல் தனியாக நிற்கிறது. ரெடிமேட் வாங்கினால் இப்படித்தான், பெற்றவள் தையல்காரி, பிள்ளை போடுவது கடைச் சட்டை என்று அன்றைக்கு முழுவதும் திட்டிக்கொண்டிருந்தேன். அதை இப்போதைக்கு அப்படியே விடு, அந்தக் காலருக்குப் பிறகு வருகிறேன்.

ஊரில் பெரிய செய்தி, நம் கடற்கரையில் கலைவிழா நடந்தது. சிரிக்காதே. மீன் ஏலக்கூடமும் ஐஸ் ஃபாக்டரியும் தவிர ஒன்றும் இல்லாத ஊரில் கலையா என்று நாங்களும்தான் சிரித்தோம். பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்திருக்கும் ஓவிய டீச்சர்தான் இதற்கெல்லாம் காரணம், முடியைக் கட்டையாக வெட்டிக்கொண்டு சைக்கிளில் பறக்கிற பெண், பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள். வெள்ளி சனி ஞாயிறு மூன்று நாள், யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் கொண்டுவரலாம், தேர்வும் கிடையாது பரிசும் கிடையாது என்று தெருத்தெருவாக நோட்டீஸ் ஒட்டினாள். தேர்வு கிடையாது என்றதும் உன் அத்தை பாடப்போகிறேன் என்று கிளம்பினாள், நல்லவேளை முழங்கால் வீங்கியது, ஊர் தப்பித்தது. ஐஸ் ஃபாக்டரி மேஸ்திரி ஐஸில் ஆளுயரப் படகு ஒன்று செதுக்கினார், பத்து மணிக்குப் படகு, பன்னிரண்டு மணிக்குத் தொட்டி, இரண்டு மணிக்கு ஈரத்தரை, கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான். மருந்துக்கடைக்காரர் டாக்டர்கள் கிறுக்கிக் கொடுத்த சீட்டுகளைக் கவிதை மாதிரி ஏற்ற இறக்கத்தோடு வாசித்தார், கூட்டம் அவருக்குத்தான். முடிதிருத்துகிறவர் தன் கடைக் கண்ணாடிகளைக் கழற்றி வந்து கடலைப் பார்க்க வரிசையாக நிறுத்தினார், முகம் பார்க்கப் போனால் நம் தலைக்குப் பின்னால் அலை எழும்பி வரும், நான் இரண்டு தரம் திரும்பிப் பார்த்துவிட்டேன்.

நான் இதில் மாட்டிக்கொண்டது தற்செயலாக. டீச்சர் தன் பேன்ட்டை இரண்டு இஞ்ச் குறைக்கக் கொண்டுவந்தவள், மேஜை மேல் கிடந்த என் அளவு நோட்டைப் புரட்டிவிட்டாள். அந்த நீள நோட்டு உனக்குத் தெரியும். ஆளுக்கு ஒரு பக்கம், மேல் பாதியில் கழுத்து, தோள், மார்பு, கீழ்ப் பாதியில் கை, மணிக்கட்டு, சட்டை நீளம். பெயர் எழுதமாட்டேன், ஒருத்தர் வயிற்றுச் சுற்றளவை இன்னொருத்தர் பார்த்துவிட்டால் அதோடு என் தொழில் போயிற்று, அதனால் பக்கத்தின் மூலையில் சின்னதாக ஒரு படம் மட்டும் போடுவேன், பேக்கரிக்காரருக்கு ரொட்டி, தபால்காரம்மாவுக்குச் செருப்பு, வங்கி மேனேஜருக்குப் பூட்டு. 'அம்மா, இந்த நோட்டுல ஊரே நிக்குதே' என்றாள் டீச்சர். பெயர் வேண்டாம், முகம் வேண்டாம், இந்த அளவுகளை மட்டும் வைத்து ஆளுக்கொரு வெள்ளைச் சட்டை தைத்து, அவரவர் தோள் உயரத்துக்கு அலைத்தடுப்புச் சுவர் மேல் தொங்கவிட்டால் யார் யார் தன்னைக் கண்டுபிடிக்கிறார்கள் பார்க்கலாம் என்று அவள் சொல்லச் சொல்ல எனக்கும் ஆசை பிடித்துக்கொண்டது. மூடிப்போன லாட்ஜின் படுக்கை விரிப்புகள் துவைத்த நிலையில் கிடைத்தன. மூன்று வாரத்தில் நாற்பத்தொரு சட்டை தைத்தேன், இந்த வயதில், நம்புவாயா. நோட்டில் இருக்கிற பென்சில் எழுத்து என் கண்ணுக்கு இப்போது பிடிபடுவதில்லை, அதனால் உன் அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கத்தையும் மேலிருந்து கீழே வாசித்துக்கொண்டே போவாள், நான் வெட்டிக்கொண்டே போவேன். யாருடையது என்று நான் கேட்கவும் இல்லை, அவள் சொல்லவும் இல்லை. ஆளைத் தெரிந்துவிட்டால் தையல்காரியின் கை கொஞ்சம் கருணை காட்டிவிடும், வயிற்றைக் குறைக்கும், கூனை நிமிர்த்தும், அது கூடாது என்று நான்தான் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் சுவர் நெடுகக் கம்பம் நட்டு எல்லாவற்றையும் மாட்டினோம், நெஞ்சு கடலைப் பார்க்க, முதுகு சாலையைப் பார்க்க. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்களே, அதைத்தான் காட்ட நினைத்தேன். ஹேங்கர் எளிதாக நுழையட்டும் என்று எல்லாச் சட்டைக்கும் மேல் பட்டனைத் திறந்தே விட்டிருந்தேன், இதை நினைவில் வைத்துக்கொள். தன்னைக் கண்டுபிடித்தவர்கள் சட்டைக்குக் கீழே சுவரில் சாக்பீஸால் பெயரை எழுத வேண்டும் என்பது ஏற்பாடு. அடேயப்பா, என்ன கூத்து. வங்கி மேனேஜர் இருப்பதிலேயே ஒல்லியான சட்டைக்குக் கீழே போய் நின்று பெயரை எழுதப்போனார், அவர் மனைவி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அகலமான சட்டைக்குக் கீழே நிறுத்தினாள். தபால்காரம்மா பை சுமந்து சுமந்து வலது தோள் இறங்கிப்போன சட்டையைப் பார்த்ததும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பேக்கரிக்காரர் தன் சட்டை முன்னால் ரொம்ப நேரம் நின்றுவிட்டு, 'நான் இவ்ளோ கூனிட்டேனாம்மா' என்று என்னிடம் கேட்டார், அடுப்புக்கு முன்னால் முப்பது வருஷம் குனிந்தால் யாருக்கும் அப்படித்தான் என்றேன். மாலைக்குள் நாற்பது பெயர் எழுதியாகிவிட்டது. ஒரு சட்டைக்கு மட்டும் யாரும் வரவில்லை.

வரிசையில் கடைசிக்கு முந்தின சட்டை அது. அகலமான தோள், இடது தோள் அரை இஞ்ச் இறக்கம், கை மட்டும் நீளம். தோளைப் பார்த்தால் கனத்த ஆள், கையைப் பார்த்தால் நெடுநெடுவென்ற ஆள். இப்படி ஒரு ஆள் ஊரில் இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். வெளியூர்க்காரர் யாராவது எப்போதாவது அளவு கொடுத்திருப்பார் என்று நானும் விட்டுவிட்டேன். கடல்காற்று நான்கு மணிக்கு ஏறும் என்று உனக்குத் தெரியும். அது ஏறியதும் நாற்பத்தொரு சட்டையும் உப்பிக்கொண்டு உள்ளே ஆள் இருக்கிற மாதிரியே நின்றன, கூட்டம் கை தட்டியது. காற்று விட்டதும் எல்லாம் துவண்டு விழுந்தன. அந்த ஒன்று மட்டும் ஒரு மூச்சு நேரம் கழித்துத்தான் விழுந்தது. எனக்குத்தான் கண் மங்கல் ஆயிற்றே என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் ஐஸ் ஃபாக்டரி மேஸ்திரி பக்கத்தில் வந்து, 'அந்தச் சட்டைக்கு மட்டும் உள்ள ஏதாவது வச்சுத் தைச்சீங்களாம்மா, வெரப்பா நிக்குதே' என்று கேட்டார். ஒன்றும் வைக்கவில்லை என்றேன். அவர் அதைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

பனிக்கு நனையக்கூடாது என்று பொழுது சாய்வதற்குள் எல்லாவற்றையும் கழற்றிக் கொண்டுவந்து என் தையல்கடைக்குள் வைத்துப் பூட்டினேன். அந்தக் கடைக்கு ஒரே சாவி, அது எப்போதும் என்னிடம்தான் இருக்கும், உனக்குத் தெரியும். சனிக்கிழமை காலையில் மறுபடி மாட்டினோம். அந்த இடம் மூலை, காற்று சுழலும், அதனால்தான் அப்படி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அந்தச் சட்டையைச் சுவரின் நடுப்பகுதிக்கு மாற்றினேன், தபால்காரம்மாவின் சட்டைக்கும் பேக்கரிக்காரர் சட்டைக்கும் இடையில். அங்கேயும் அதே கதைதான், மற்றவை அடங்கிய பிறகுதான் அது அடங்கும். பத்து மணி வாக்கில் தபால்காரம்மா வந்து, 'உங்க சட்டைங்களுக்கு நடுவுல ஒருத்தர் கடலைப் பாத்து நின்னுட்டிருந்தாரும்மா, கொஞ்சம் தள்ளுங்கன்னு சொல்லிட்டு நிமிந்து பாத்தா ஆளே இல்ல, சட்டைதான்' என்று சொல்லிச் சிரித்தாள். அவள் சிரிப்பில் பாதிதான் சிரிப்பு. ஊர் வாயை மூட உலைமூடி ஏது, மத்தியானத்துக்குள் குழந்தைகளைக் கூட்டி வந்தவர்கள் அந்த இடத்தில் மட்டும் சாலைக்கு அந்தப் பக்கமாக நடக்க ஆரம்பித்தார்கள். டீச்சருக்கு ஒரே சந்தோஷம், 'இதுதாம்மா கலை' என்றாள். எனக்கு அங்கே உட்கார்ந்திருக்க முடியவில்லை. ஹேங்கர் சரியாக இருக்கிறதா பார்க்கலாம் என்று கடல் பக்கத்துப் படியில் இறங்கிப் போய் முன்பக்கம் பார்த்தேன். மேல் பட்டன் போட்டிருந்தது. சரி, யாரோ விளையாடியிருக்கிறார்கள் என்று கழற்றிவிட்டு மேலே வந்தேன். ஒரு டீ குடித்துவிட்டு மறுபடி போய்ப் பார்த்தேன், போட்டிருந்தது. அந்தப் படி வழியாக யாரும் இறங்கவில்லை, நான் படிக்கு எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அத்தை நானும் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்தாள். மேஸ்திரி தன் ஐஸ் வண்டியில் முன்சீட்டில் உட்கார வைத்துக் கூட்டி வந்தார், ஊர்வலம் வந்த மாதிரி இறங்கினாள். கைத்தடியை ஊன்றி ஊன்றிச் சுவரின் ஒரு முனையிலிருந்து வந்தாள், ஒவ்வொரு முதுகுக்கும் ஒரு கேலி, பேக்கரிக்காரர் முதுகு, மருந்துக்கடைக்காரர் முதுகு என்று. பிறகு நின்றாள். 'அண்ணா' என்று கூப்பிட்டாள். அழுகைக் குரல் இல்லை, பயந்த குரலும் இல்லை. அந்தக் காலத்தில் டிக்கெட் கவுன்ட்டர் அடைத்துவிட்டு வருகிற உன் அப்பாவைத் தெருவில் பார்த்துச் சாதாரணமாகக் கூப்பிடுவாளே, அந்தக் குரல். அதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கிட்டப் போய்ச் சட்டையின் கையைப் பிடித்துத் தடவிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். 'தோள் அண்ணன் தோள்தான் அண்ணி. ஆனா இது அண்ணன் கை இல்ல, அண்ணனுக்கு இவ்ளோ நீளக் கை கிடையாது' என்றாள். அப்போது காற்று துளிகூட இல்லை. அவள் பிடித்திருந்த கையை விட்டுவிட்டாள், சட்டையின் கை கீழே விழவில்லை, அவள் விட்ட இடத்திலேயே கொஞ்ச நேரம் நின்றது. நான் பார்த்தேன், அவளும் பார்த்தாள், இதுவரை இரண்டு பேரும் அதைப்பற்றிப் பேசவில்லை. நான் அந்தச் சட்டையைக் கழற்றிச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு, விழா முடிய மூன்று மணி நேரம் இருக்கும்போதே, டீச்சரிடம்கூடச் சொல்லாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு நோட்டின் கடைசிப் பக்கங்களைப் பார்த்தேன். நம் வீட்டு ஆட்களின் பக்கங்கள் அங்கேதான் இருக்கின்றன, நம் வீட்டு ஆட்களுக்கு அடையாளம் எதற்கு என்று மூலையில் படம் போட்டதில்லை. உன் அப்பாவின் பக்கம் பாதிதான் இருக்கிறது. அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று, அவசரத்தில் நோட்டும் என் பையோடு வந்துவிட்டது, நர்ஸ் ஒரு போன் நம்பர் எழுதிக்கொள்ளச் சொன்னாள், கைக்குக் கிடைத்த பக்கத்தின் கீழ்ப் பாதியைக் கிழித்து எழுதினேன். அப்படிக் கிழிந்த இடத்தின் வழியாக அடுத்த பக்கத்தின் கீழ்ப் பாதி தெரிகிறது. அடுத்த பக்கம் உன்னுடையது. அத்தை மேலிருந்து கீழே வாசித்துக்கொண்டே போனாள், மேல் பாதி அப்பா, கீழ்ப் பாதி நீ, வாசித்து முடித்ததும் இரண்டு தாளையும் ஒன்றாகச் சேர்த்துப் புரட்டிவிட்டாள், அதனால்தான் உனக்கென்று தனிச் சட்டை இல்லை. இவ்வளவுதான் விஷயம், இரண்டு கிழவிகளின் அசட்டுத்தனம். நாற்பது வருஷமாகத் தைக்கிறவளுக்குப் பார்த்த உடனே அந்தத் தோள் தெரிந்திருக்க வேண்டாமா என்று நீ கேட்கலாம். தெரியாமலா இருந்தது, தெரிந்துகொள்ள மனம் இல்லை.

ஆனால் அந்த அசட்டுத்தனம் சட்டைக்கு மட்டும்தான் பதில் சொல்கிறது, பட்டனுக்குச் சொல்லவில்லை. அப்பா பக்கத்தில் கழுத்து என்ற இடத்தில் மூன்று எண்கள் ஒன்றன் கீழ் ஒன்றாக இருக்கின்றன, பதினைந்தரை, பதினைந்து, பதினாலரை. அத்தை முதல் எண்ணைத்தான் வாசித்தாள், பதினைந்தரைக்குத்தான் நான் காலர் தைத்தேன், அதில் சந்தேகமே இல்லை. நேற்று அந்த மேல் பட்டனைப் பார்த்தால் அது நான் வைத்த இடத்தில் இல்லை. ஒரு இஞ்ச் உள்ளே தள்ளித் தைத்திருக்கிறது. அதற்கும் பழைய இடத்துக்கும் நடுவில், சரியாக அரை இஞ்சில், இன்னொரு முறை தைத்துப் பிரித்த ஊசித் துளைகள். தைத்திருக்கிற விதம் என்னுடையது, நூலை அடியில் நான்கு சுற்றுச் சுற்றி உள்பக்கம் முடிச்சுப் போடுவது இந்த ஊரில் நான் ஒருத்திதான், என் கையெழுத்தை நான் இல்லை என்று சொல்ல முடியாது. சாவியும் என்னிடம்தான் இருந்தது. உன் அத்தைக்குக் கை நடுக்கத்தில் ஊசியில் நூல்கூடக் கோக்க வராது. ஆக ஒன்று, நானே செய்துவிட்டு நினைவில்லாமல் இருக்கிறேன். அல்லது நான் செய்யவில்லை. இரண்டில் எது தேவலாம் என்று எனக்குத் தெரியவில்லை.

இனி சொல்லப்போவதை இருபத்து நான்கு வருஷமாக உன்னிடம் சொன்னதில்லை. அந்த வருஷம் நீ காலேஜ் விடுதியில் இருந்தாய், அதனால் உனக்குத் தெரியாது. அப்பாவுக்கு முதலில் காலர் தொளதொளவென்று ஆனபோது அவருக்கு ஒரே பெருமை, 'மாப்பிள்ளை மாதிரி ஆயிட்டேன் பாத்தியா' என்று கண்ணாடி முன்னால் நின்று கேட்டார். நான் டேப் வைத்துப் பார்த்தேன், அரை இஞ்ச் குறைந்திருந்தது, பட்டனைத் தள்ளித் தைத்தேன். நான்கு மாதம் கழித்து இன்னொரு அரை இஞ்ச். அதையும் தள்ளித் தைத்தேன். இடது தோள் இறங்குகிறதே என்று கவனித்தேன், கவுன்ட்டரில் ஒருக்களித்து உட்கார்ந்து டிக்கெட் கிழிக்கிறவருக்கு அப்படித்தான் என்று நானே காரணமும் கண்டுபிடித்து வெட்டில் அரை இஞ்ச் இறக்கினேன். சட்டை அவ்வளவு கச்சிதமாக இருந்தது, பார்த்தவர்கள் யாரும் அவர் இளைத்துவிட்டார் என்று சொல்லவே இல்லை. என் தையல் எல்லாவற்றையும் மறைத்துவிட்டது. அப்புறம் டாக்டர், 'ஒரு ஆறு மாசம் முன்னாடி வந்திருந்தா' என்றார். ஆறு மாதம் முன்னால் என் கையில் டேப் இருந்தது. தையல்காரியாக இரண்டு முறை பட்டனை நகர்த்தினேன், பெண்டாட்டியாக ஒரு முறைகூட ஏன் இளைக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. அவர் போனபோது அவருக்கு நாற்பத்து நான்கு வயது. நேற்று மாலைதான் முதல் முறையாக இதை உன் அத்தையிடம் சொன்னேன். அவள் எழுந்து போய் டீ போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டு, என் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்துகொண்டாள். பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஃபிரிட்ஜ் கதவைப் பார்த்தோம்.

இப்போது அந்தக் காலருக்கு வருகிறேன். கடைச் சட்டைதான், ஒத்துக்கொள்கிறேன். நீ கொஞ்சம் உடம்பைக் குறைக்க நடக்கிறேன் என்று சொன்னாய், அதுவும் நினைவிருக்கிறது. படத்தில் உன் இடது தோள் இறங்கித் தெரிகிறது, தினமும் கம்ப்யூட்டர் பையை அந்தத் தோளில் மாட்டுகிறாய், அதனால் இருக்கும். எல்லாச் சமாதானமும் என்னிடம் இருக்கிறது. அப்போதும் இருந்தது. தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடித்தவள் நான், இன்னொரு தரம் அப்படிச் செய்யமாட்டேன். பார்சலில் அந்தச் சட்டையை அனுப்பியிருக்கிறேன். பட்டனை நான் தொடவில்லை, அது இருக்கிற இடத்திலேயே, பதினாலரையில் இருக்கிறது. பொட்டலம் கட்டும்போது மேல் பட்டன் திறந்துதான் இருந்தது, அத்தையும் பார்த்தாள். நீ பிரிக்கும்போது போட்டிருந்தால், போட்டது நான் இல்லை. பகலில், வெளிச்சத்தில், கண்ணாடி முன்னால் நின்று போட்டுப்பார். கை உனக்குச் சரியாக இருக்கும், அது உன் கைதான். நான்கு வருஷம் முன்னால் நீ வந்திருந்தபோது உன் கழுத்து பதினாறு, டேப் வைத்தவள் நான். பதினாறு கழுத்துக்கு இந்தப் பட்டன் காஜா ஓட்டைக்குப் பக்கத்திலேயே வரக்கூடாது, இழுத்தால் மூச்சு முட்ட வேண்டும். முட்டினால் என்னைப் பைத்தியம் என்று திட்டிவிட்டுச் சட்டையைத் தரை துடைக்கப் போட்டுவிடு, உடனே போன் செய், நானும் அத்தையும் சேர்ந்து சிரிக்கிறோம். ஒரு சட்டை ஆளுக்குப் பொருந்தியிருக்கிறது என்பதற்கு எங்கள் தொழிலில் ஒரே கணக்குதான், பட்டன் போட்ட பிறகு காலருக்குள் இரண்டு விரல் போக வேண்டும். அப்படிப் போனால் எனக்குப் போன் செய்யாதே, அந்த நேரத்தைக்கூட வீணாக்காதே, நேராக டாக்டரிடம் போ. ஒரு காலருக்காகவா வந்தீர்கள் என்று அவர் சிரித்தால் சிரிக்கட்டும், எங்கள் அம்மா தையல்காரி, அவர்கள்தான் அனுப்பினார்கள் என்று சொல். நாற்பது வருஷமாக ஒவ்வொரு சட்டையையும் ஆளுக்குப் பொருந்த வேண்டும், பொருந்த வேண்டும் என்று நினைத்துத்தான் தைத்தேன். இந்த ஒரு சட்டை உனக்குப் பொருந்தவே கூடாது என்று நேற்றிலிருந்து வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, காலையில் வெறும் காபியோடு ஓடாதே. நீ நூறு வயது இருந்து, தொந்தி தள்ளி, நான் அளவெடுக்க வந்தால் என் டேப் எட்டாமல் போகிற அளவுக்குப் பெருத்துப் போக வேண்டும், இதுதான் அம்மாவின் ஆசீர்வாதம். அத்தையும் தன் ஆசியைச் சொல்லச் சொன்னாள், ஃபிரிட்ஜ் கதவிலிருந்து உன் படத்தை எடுத்துத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டிருக்கிறாள். இரண்டு விரல், மறந்துவிடாதே. காலர் தளர்வாக இருக்கிறது என்று பட்டனை மட்டும் நீயாகத் தள்ளித் தைத்துக்கொள்ளாதே கண்ணா.

உன் அளவெல்லாம் மனப்பாடமாக வைத்திருக்கும்,
அம்மா